வயிற்றுக்குள் ஒரு பெருக்கல் கணக்கு

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, மாங்காய்க் காலத்தில் ஒருநாள் காலை, என் வயிற்றிலிருந்து ஒரு நாக்குப்பூச்சி வெளியே வந்தது. ஒரு சாண் நீளம். வெளுத்துப்போய், உயிரோடு நெளிந்தது. நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து குரைத்தது.

அம்மா பதறவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அது புதுச் சங்கதியும் இல்லை. "இனிப்பாத் தின்னா பூச்சி வைக்காம என்ன செய்யும்?" என்று கருப்பட்டிப் பானையைப் பரணில் ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பேதிக்குக் கொடுப்பது என்று முடிவானது. அத்தோடு போயிருக்கும். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த மாமாதான், அம்மாவின் தம்பி, சும்மா இருக்கவில்லை.

"ஏட்டி, வந்தது ஆணா பொண்ணா, பாத்தியா? அதோட சோடி உள்ளதான் இருக்கும். இந்நேரம் குட்டி போட்டிருக்கும். அதுகளும் பெருசாகிக் குட்டி போட்டா, பொறவு எம்புட்டு ஆகும்? நீயே கணக்குப் போட்டுக்கோ."

போட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு பேண்டேஜ் துணித் தறிக்குப் போனவள் நான். அவ்வளவு ஊன்றி வேறெந்தக் கணக்கையும் போட்டதில்லை. ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். முழுப்பரீட்சைக்குள் வயிறு வெடித்துவிடும் என்று விடை வந்தது. சாப்பிடாமல் இருந்தால் பூச்சிகள் பட்டினியில் செத்துவிடும் என்று, அம்மா பார்க்காத நேரம் சோற்றைக் கோழிகளுக்கு அள்ளிப் போட்டேன். விளக்கெண்ணெய் குடித்தும் ஒரு பூச்சிகூட வரவில்லை. வராததுதான் இன்னும் பயம். கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கும்போதே மயங்கி விழுந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா கைராசிக்காரர் என்று பேச்சு. அம்மா என்னைப் பஸ் ஏற்றி அங்கே கூட்டிப்போனாள். டாக்டரம்மா என்ன கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. "வயிறு எப்ப வெடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். பிறகு அழுதுகொண்டே கணக்கை ஒப்பித்தேன்.

"உங்க மாமா கணக்குல பெயிலா?" என்று சிரித்தார் டாக்டரம்மா. "முட்டை போடும், சரிதான். ஆனா அது வயித்துக்குள்ள பொரிக்காது. வெளிக்குப் போகும்போது மண்ணுல விழுந்து, அங்க கெடந்து பக்குவமாகி, திரும்ப வாய் வழியா உள்ள போனாத்தான் பூச்சி. உன் வயித்துல இருக்கிறது ஒவ்வொண்ணும் வெளியிலருந்து வந்ததுதான். கூட்டம் சேந்துட்டா முட்டை போடுறதும் கொறைஞ்சிரும். அதுகளுக்கும் இடநெருக்கடி இருக்குல்ல?"

எனக்கு அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. ஆனாலும் விடவில்லை: "அக்காவுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?"

"ஒரே வீட்டுல ஒருத்தர்கிட்ட நெறைய சேரும், இன்னொருத்தர்கிட்ட இருக்கவே இருக்காது. அப்படித்தான் அது." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இனிப்புக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லம்மா. கீழ கெடக்கிறத எடுத்துத் திங்கிறாளா?"

"அதெல்லாம் விடமாட்டேன். பூச்சிக்குப் புளிப்பு நல்லதுன்னு, வருசா வருசம் தோப்புல உதிந்து கெடக்கிற மாங்காய நானே பொறுக்கி, முந்தானையில தொடைச்சு..." அம்மா பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"அந்தத் தோப்புலதான் தெருவே வெளிக்குப் போகுதாக்கும்?"

அம்மா முந்தானை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எனக்கு அப்படிப் பசித்தது. இட்லிக்கு மேல் இட்லி கேட்டேன். எல்லாம் வாங்கித் தந்தாள். கேட்காமலே பால்கோவாவும் வாங்கினாள். கொடுப்பதற்கு முன் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், விரல் விரலாக, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. இனிப்புத் தின்னலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதில் அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். மனசு மாறிப் பிடுங்கிக்கொள்வதற்குள், அவசர அவசரமாகத் தின்று முடித்தேன்.