சூளைக்கும் லீவு விட்ட கம்ப்யூட்டர்

2008 பிப்ரவரி 21, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மாசி மகத் தீர்த்தவாரிக்காக மணிமுத்தாற்றங்கரையில் கூட்டத்தோடு நின்றேன். மனம் நிற்கவில்லை.

என் மருமகள், பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் தொடங்கிய பட்டறையின் முதல் பெரிய ஆர்டர், பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், அப்போது சூளையில் வெந்துகொண்டிருந்தது. எந்த வேலை எந்த நாளில் என்று அவளுடைய கம்ப்யூட்டர்தான் அட்டவணை போடும். அதற்கு ஞாயிறும் அரசு விடுமுறையும் தெரியும். மகத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை தெரியாது. அன்று ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்று நான் நச்சரித்து, அந்த நாளை லீவாகக் குறிக்க வைத்தேன். அவளும் குறித்து, புது அட்டவணையைச் சூளையருகே ஒட்டிவிட்டு, லாரி பேசக் கடலூர் போய்விட்டாள். இரவெல்லாம் சூளை எரித்தவர் காலையில் கிளம்பிவிட்டார். காவலுக்கும், அட்டவணைப்படி சூளையின் பர்னரை அணைக்கவும் புது வாட்ச்மேன் மட்டும்.

பக்கத்துப் பட்டறைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க, நீங்களே இங்க நிக்கிறீங்க? சூளைக்கும் லீவு வுட்டுட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குப் புது அட்டவணை நினைவுக்கு வந்தது. லீவு நாளில் விழும் வேலையை அந்த மென்பொருள் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிவிடும். மண் பிசைவதைத் தள்ளலாம், பெட்டி கட்டுவதைத் தள்ளலாம். பத்தரை மணிக்குப் பர்னரை அணைப்பதும் அதன் கணக்கில் ஒரு வேலைதானே. அதையும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருந்தால்? அத்தனை கட்டைகளும் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

பட்டறைக்கு ஃபோன் செய்தேன். எட்டு முறை மணியடித்து ஓய்ந்தது. ஆபீஸ் அறை பூட்டியிருக்கும். மருமகள் பஸ்ஸில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. கரையில் விட்ட செருப்பைக் காணோம். வெறுங்காலோடு ஓடி ஆட்டோ பிடித்தேன். திருவிழா ரேட்டு என்றார் ஆட்டோக்காரர். பேரம் பேசவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தெட்டு. பர்னரை நிறுத்தச் சொன்னேன். வாட்ச்மேன் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமைன்னுல்ல போட்டிருக்குது. நான் நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா, அம்மா என்னைத்தாங்க கேப்பாங்க."

என்னைக் கேட்கட்டும் என்று வால்வை நானே மூடினேன்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. சூளை ஆறும் வரை உள்ளே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை திறந்தார்கள். கட்டைகள் வெள்ளை வெளேரென்று, விளிம்பு மடங்காமல் இருந்தன. விரிசல் உண்டா என்று மருமகள் இரண்டை எடுத்துத் தட்டி ஓசை கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரில், சூளைக்கென்று லீவே இல்லாத தனிக் காலண்டர் ஒன்று போட்டாள்.

"பொங்கலுக்காவது இதுக்கு லீவு வுடலாமா மாமா?" என்றாள். நான் அந்த லீவுக்கு ஆன என் செலவைக் கணக்குப் போட்டேன்.

ஆட்டோவுக்கு அறுபது, புதுச் செருப்புக்கு நூற்று முப்பது. ஆக நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.