வேனில் ஒட்டியிருந்த கரப்பான்

அக்காவும் நானும் தோசை மாவு வியாபாரம் தொடங்க வாங்கிய பழைய வேனில் ஒரு கரப்பான் பூச்சி இருந்தது. உயிருள்ளது அல்ல, ஸ்டிக்கர்தான். ஆனால் ஆறடி நீளம். வலப்பக்கம் முழுவதும் மல்லாந்து கிடந்தது. மீசை இரண்டும் ஓட்டுநர் கதவுவரை நீண்டிருந்தன.

வேனை இணையத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். அதில் போட்டிருந்த படங்கள் எல்லாம் இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை; பளிச்சென்ற வெள்ளை. நேரில் போய்ப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தவர் அக்காவின் கணவர், அத்தான். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் பல மாடிக் கார்ப்பார்க்கில் அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோதுதான் அந்தப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தது. முன்பு பூச்சி மருந்து அடிப்பவர்களின் வண்டியாம்.

"எஞ்சின் நல்ல கண்டிஷன். ஸ்டிக்கர்தானே லா, உரிச்சா வந்துடும்" என்றார் அத்தான்.

அக்கா இரண்டு தூண் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அவளுக்குக் கரப்பான் என்றால் படத்தில்கூட ஆகாது. இருபத்திரண்டு வருடம் அலுவலக வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுத் துணிந்து இந்த வியாபாரத்தில் இறங்கியவள். எதற்கும் அஞ்சாதவள். இந்த ஒன்றைத் தவிர.

"இதுல மாவ ஏத்திக்கிட்டுப் போனா எவன்டி வாங்குவான்?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை தேக்காவில் ஒரு தோசைக் கடைக்கு முதல் மாவு போயாக வேண்டும். அத்தானுக்கு மதிய ஷிப்ட், அவர் கிளம்பிவிட்டார். நான் நகத்தால் கரப்பானின் ஒரு காலைச் சுரண்டத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் இரண்டு நகம் உடைந்தது. காலில் விரலளவு கூடக் குறையவில்லை.

அப்போது ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தார். கடையநல்லூர் முஸ்லிம் குடும்பம், வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் பட்டறையில் பல காலம் வேலை பார்த்தவர். என்னையும் கரப்பானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிழல்ல வச்சுக் கிள்ளிக்கிட்டிருந்தா தீபாவளியே வந்துடும்மா. வண்டிய மொட்டை மாடிக்கு ஏத்துங்க. ஒரு மணி நேரம் நல்லா வெயில் படட்டும், பசை இளகிரும்."

ஏற்றினோம். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் கை சுட்டது. அண்ணன் ஓரத்தை நெம்பி என் கையில் கொடுத்தார். "வெளிய இழுக்காதீங்க, கிழிஞ்சிரும். பின்னால மடிச்சு, பாடிய ஒட்டினாப்பல மெதுவா."

சர்ரென்று நீளமாக ஒரு சத்தம். வயிறு முழுதும் ஒரே துண்டாக வந்துவிட்டது! அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கால்களை ஒவ்வொன்றாக உரித்தேன். ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எண்ணினாள்.

தலை மட்டும் மிச்சமிருந்தபோது அண்ணன் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அதே நேரம் வானம் கறுத்தது. மழை பெய்து தகடு குளிர்ந்தால் பசை மறுபடி இறுகிவிடும். தலையோ பெரியது, இரண்டு முனையையும் இருவர் பிடித்தால்தான் கிழியாமல் வரும்.

"அக்கா, வா! ஒரு பக்கம் பிடி!"

"முடியாது."

"கண்ண மூடிக்க!"

குடையைக் கீழே போட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி வந்தாள். அவள் விரல்களை நான்தான் ஓரத்தில் வைத்தேன். இருவரும் சேர்ந்து இழுத்தோம். தலை கழன்றது. கழன்ற வேகத்தில் மீசையோடு அவள் முழங்கையில் சுற்றி ஒட்டிக்கொண்டது.

அவள் போட்ட அலறலில் எதிர் புளோக்கில் சன்னல்கள் திறந்தன. கையை உதறிக்கொண்டே மாடி முழுவதும் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பிடித்து உரித்து எடுத்தபோது, அழுகிறாளோ என்று பயந்துபோனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். மழை கொட்டியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

வேலை அத்தோடு முடியவில்லை. மழை விட்டதும் சமையல் எண்ணெயைத் தடவி, பழைய பஸ் கார்டால் பசையைச் சுரண்டினோம். கழுவிப் பார்த்தால், ஸ்டிக்கர் மறைத்திருந்த இடத்துப் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தது. மங்கலான வண்டியில் வெள்ளைக் கரப்பான்! ஞாயிறு முழுவதும் அத்தானையும் சேர்த்துக்கொண்டு பாலிஷ் போட்டோம். சாயங்காலம் அண்ணன் வந்து சாய்ந்து சாய்ந்து பார்த்து, "இப்ப ஒண்ணும் தெரியலைம்மா" என்றார்.

திங்கள் காலை அக்காதான் ஓட்டினாள். தேக்காவில் மாவு வாளிகளை இறக்கும்போது கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"புது வேனா?"

"எங்களுக்குப் புதுசு" என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டேன். எங்கள் மாவில் அவர் ஊற்றிய முதல் தோசை எங்களுக்கே வந்தது. ஓரம் முறுகலாக, நடுவில் மெத்தென்று. ஒரே தட்டில் பிய்த்துத் தின்றோம். அக்கா இன்னொன்று கேட்டாள்.