பார்வையாளர் வராத தேர்தல்

குவைத்துக்கு வந்த இரண்டாவது வருஷம், எங்கள் தமிழ்ச் சங்கத் தேர்தலில் ஓட்டுப் போடப் போய் வாசலோடு திரும்பி வந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் ஹாஸ்டலில் இருந்தேன். நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் இருக்கிற அப்பாசியா பகுதியில் வாடகை வீடு இருக்கிறவர்களுக்குத்தான் ஓட்டு என்று வாசலில் நின்றவர் சொன்னார். அந்த விதியை முந்தின நாள்தான் போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால், கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த தொழிலாளர்கள் முப்பது நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். எல்லோர் கையிலும் உறுப்பினர் அட்டை இருந்தது. வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை.

கூட்டத்தில் ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். கட்டடங்களுக்கு சாரம் கட்டுகிற வேலை. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் ஏறவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

வளைகுடாவில் இருக்கிற இதுபோன்ற சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு கூட்டமைப்பு உண்டு. அதன் அலுவலகம் பர் துபாயில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில். மனு அங்கே போனது. விசாரித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்கள்: இனி எங்கள் சங்கம் தேர்தல் விதியையோ நாளையோ இடத்தையோ மாற்றுவதென்றால் முதலில் கூட்டமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். ஓட்டுப்பதிவு அன்று துபாயிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து உட்காருவார்.

வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பர் துபாயில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். அடுத்து நடந்த மூன்று தேர்தலுக்கும் அவர்தான் வந்தார். மூன்றும் வெள்ளிக்கிழமையில், கேம்ப் ஆட்களுக்கு லீவு இருக்கிற நாளில் நடந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வாங்கோ, அட்டையைக் காட்டுங்கோ" என்று ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அவர் இருந்த மூன்று முறையும் யாரும் திரும்பிப் போகவில்லை. சாரக்காரர் இரண்டாவது தேர்தலிலேயே ஜெயித்து, நோய் சாவு என்றால் ஓடிப்போய் உதவுகிற நலக்குழுவுக்கு வந்துவிட்டார்.

அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று எனக்கு வார்டிலிருந்தே தெரியும். முன்பெல்லாம் கேம்ப்பிலிருந்து ஒருவர் மயங்கி விழுந்து வந்தால், அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே நாலைந்து நாள் ஆகும். சாரக்காரர் நலக்குழுவுக்கு வந்த பிறகு சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் வார்டு வாசலில் நிற்பார். இறந்து போனால் உடலை ஊருக்கு அனுப்புகிற காகிதங்களும் அதே வேகத்தில் நகர்ந்தன.

போன வருஷம் ஒரு சாயங்காலம் சங்கத் தலைவர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது கல்யாணமாகி, அப்பாசியாவிலேயே வீடெடுத்து, மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தது தலைவர்தான். சிரித்த முகம். யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

டீயைக் குடித்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். கூட்டமைப்பின் மேற்பார்வையிலிருந்து எங்கள் சங்கத்துக்கு விலக்குக் கேட்கிற விண்ணப்பம்.

"மூணு தேர்தல் எந்தக் குறையும் இல்லாம நடத்திட்டோம் சிஸ்டர். இன்னும் எத்தனை காலத்துக்கு நம்மள மட்டும் குற்றவாளி மாதிரி வெச்சுப் பார்ப்பாங்க? மத்த நாட்டுச் சங்கத்துக்காரங்க சிரிக்கிறாங்க."

"இதுல நான் என்ன சார் செய்யணும்?"

"அன்னைக்கு வெளிய நின்னவங்கள்ல நீங்களும் ஒருத்தர். இப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னு நீங்களே சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல."

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நமக்கு நல்லது செய்த மனுசன். ஒரு ஒப்புதானே, போட்டுக் கொடு" என்றார். போட்டேன். மை காய்வதற்குள் தலைவர் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. எதற்கு இவ்வளவு அவசரம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் டியூட்டியில் இருக்கும்போது சாரக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னு சொல்றாங்களே. நிசமா?"

"ஆமா தம்பி. எல்லாம் ஒழுங்காத்தானே நடக்குது?"

பின்னால் இரும்புக் குழாய்களை இறக்குகிற சத்தம் கேட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டமைப்பு வீடியோவில் விசாரணை வைத்தது. சாரக்காரர் ஏதோ சைட்டிலிருந்து பேசினார். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பாதிப் பேச்சு யாருக்கும் புரியவில்லை. பிறகு என் முறை. யாழ்ப்பாணத்துக்காரர் திரையில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, நான் வந்திருந்த மூண்டு தரமும் ஒழுங்காத்தான் நடந்தது. அதை நானே எழுதிக் குடுத்திருக்கிறன். நான் வராட்டி எப்பிடி நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் என் பக்கத்து நாற்காலியில், கேமராவில் தெரியாதபடி தள்ளி உட்கார்ந்திருந்தார். "பிரச்சனை எதுவும் வராதுங்க ஐயா" என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வாரமே விலக்கு கிடைத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து வாட்ஸாப்பில் தேர்தல் அறிவிப்பு வந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை. இடம் அப்பாசியாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஹால். சிவில் ஐடியோடு வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டுவர வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். புதன்கிழமை கேம்ப் ஆட்கள் சைட்டிலிருந்து திரும்பவே ஏழு மணி ஆகிவிடும். கேம்ப்பில் கட்டிலுக்கு யார் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள்? குரூப்பில் யாரோ ஒரு கேள்வி போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அது அழிக்கப்பட்டது. அதன் பிறகு குரூப்பில் தலைவரைத் தவிர யாரும் எழுத முடியாதபடி மாற்றிவிட்டார்கள்.

புதன்கிழமை நான் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் பயப்பட்டது போல இருக்காது என்று பார்த்துக்கொள்ளப் போயிருக்கலாம்.

சைட்டில் பர்மிஷன் கேட்டு, வேன் பிடித்து, ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வேலை உடுப்பிலேயே படியில் நின்றார்கள். முன்னால் சாரக்காரர். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க பேரே இதுல இல்லையே" என்றார்.

"நான் நலக்குழு உறுப்பினர்ங்க."

"பேரு இல்ல. மாஃபி. நான் என்ன செய்ய?" என்று தமிழிலும் அரபியிலும் கைவிரித்தார்.

நான் என் பையில் ஒப்பந்தத்தைத் தேடினேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மேஜைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். "சிஸ்டர், நீங்க போங்க. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

படியில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் நடந்து கீழே இறங்கினேன். ஓட்டுச் சீட்டில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதை மடித்துப் பெட்டியில் போட்டேன். வெளியே வரும்போது ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து, படியில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சாரக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நாளில் அவரை சவுதி எல்லைப் பக்கத்து சைட்டுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் அவருடைய இக்காமாவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தப் படங்கள் கம்பெனிக்குப் போயினவா, யார் அனுப்பினார்கள், எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. யாரும் பேசவும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். "உங்க மேல கோவமில்லக்கா. வார்டுல நம்ம ஆளுக யாராச்சும் வந்தா ஒரு எட்டுப் பாத்துக்கங்க." திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் போன மாதமே பெரம்பலூர்க்காரர் ஒருவர் மாரடைப்பில் எங்கள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சங்கத்து எண்ணுக்கு நானே பலமுறை கூப்பிட்டேன். நலக்குழுவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று போனை எடுத்தவருக்கே தெரியவில்லை. பதினேழு நாள் அவர் சவக்கிடங்கில் இருந்தார். கடைசியில் அவர் ரூமில் இருந்த ஒரு ஹைதராபாத்காரர்தான் லீவு போட்டுவிட்டு காகிதங்களோடு அலைந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததையெல்லாம், நான் போட்ட கையெழுத்தையும் சேர்த்து எழுதினேன். நான்கு வரியில் பதில் வந்தது. உங்கள் சங்கம் மேற்பார்வையிலிருந்து விலக்குப் பெற்றது. குறைகள் இருந்தால் உங்கள் சங்க நிர்வாகத்திடமே தெரிவிக்கவும். உங்கள் கடிதத்தின் நகல் அவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

பதில் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைவர் போன் செய்தார்.

"என்ன சிஸ்டர், லெட்டரெல்லாம் எழுதியிருக்கீங்க? என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் சார் இருந்தேன்."

"பரவால்ல. உங்க வீட்டுக்காரரு விசா புதுப்பிக்கிற மாசம்தானே இது? அவங்க கம்பெனி மந்தூப் நமக்கு ரொம்ப வேண்டியவரு. வெள்ளிக்கிழமை நாங்க வர்றோம்."

அரசாங்கக் காகித வேலைகளைப் பார்க்கிற ஆள்தான் மந்தூப். அவர் ஒரு ஃபைலை மேஜையில் அப்படியே வைத்திருந்தால் போதும், ஒரு குடும்பமே பெட்டி கட்ட வேண்டியதுதான். விசா விஷயத்தை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தார்கள். அவர் மனைவி என் மகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்திருந்தார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஏற்கெனவே டைப் செய்த காகிதத்தை தலைவர் மேஜையில் வைத்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை போட்டுக் கொடு என்று அவரும் சொல்லவில்லை.

"முடியாது சார்" என்றேன்.

தலைவர் கோபப்படவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டீயை முழுவதும் குடித்தார். மகளின் தலையைத் தடவி, "நல்லாப் படிக்கணும், என்ன?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் நான் வருவது தெரிந்தால் லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கிவிடுகிறார்கள். பஹ்ரைனிலும் மஸ்கட்டிலும் இருக்கிற இரண்டு சங்கங்கள் எங்களை முன்னுதாரணமாகக் காட்டி விலக்குக் கேட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரரின் ஃபைல் என்ன ஆயிற்று என்று கேட்டால், கம்பெனியில் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்கள்.