ஜஹாங்கீர் கேஷுவலான கதை

ஜஹாங்கீருக்குத் தாராவியில் இருந்த ஒரே கெட்ட பெயர், வெங்காயம் வாங்கப் போகும்போதும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போவார் என்பதுதான். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், முகம் தெரியும் ஷூ. கல்யாணம் என்றால் டை. நாற்பதைத் தாண்டியவர். மச்சினன் அல்தாபின் தையல் பட்டறையில் துணி வெட்டினார். பஞ்சும் நூலும் பறக்கும் அந்த அறையிலும் அப்படியேதான் நிற்பார்.

"மச்சான், துணி வெட்ட வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?" என்பான் அல்தாப்.

பல வருஷம் தினமும் இதே கேள்வி. ஒருநாள் ஜஹாங்கீர் கத்தரியை மேசையில் வைத்தார். "இனிமே ஒன் பட்டறைப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். சந்து முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

வேலை கிடைத்தது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். கம்பெனிகளுக்குப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டும் பையும் செய்துதரும் ஆபீஸ். தைப்பது தாராவியில், விற்பது கண்ணாடிக் கட்டடத்தில். நடுவில் பேருக்கு நதியான ஒரு சாக்கடை. பட்டறைகளை அறிந்த ஆள் வேண்டும் என்று அவரை எடுத்தார்கள். ஆறு மாதம் ப்ரொபேஷன். அதைத் தாண்டினால் நிரந்தரம். தாண்டாவிட்டால் மறுபடியும் அல்தாபும் அவன் கேள்வியும்.

உடை பிசினஸ் கேஷுவல் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். ஜஹாங்கீர் அதில் பிசினஸை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் டை கட்டியவர்கள் இரண்டே பேர், செக்யூரிட்டி சூப்பர்வைசரும் அவரும். வருகிறவர்கள் அவரிடம் லிஃப்ட் எங்கே என்று கேட்டார்கள். டாய்லெட் எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். ஜஹாங்கீர் உள்ளே எட்டிப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தார்.

மேனேஜர் சாய்நாத்துக்கு முப்பது வயது இருக்கும். கசங்கிய லினன் சட்டை, கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் பேன்ட், சாக்ஸ் இல்லாத ஷூ. ப்ரொபேஷன் முடியப்போகும் சமயத்தில் அவன் ஜஹாங்கீரைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னான்:

"ஜஹாங்கீர் பாய், நீங்க உள்ள வந்தாலே கிளையன்ட் எழுந்து நின்னுடறாங்க. இன்கம் டாக்ஸ்னு நினைக்கறாங்க. கொஞ்சம் கேஷுவலா வாங்க."

"கேஷுவல்னா எப்படி சார்?"

"உங்க ஏரியால சாதாரணமா எப்படி இருப்பாங்களோ, அப்படி. காலர் மட்டும் இருக்கணும். வியாழக்கிழமை இன்ஷூரன்ஸ் கம்பெனி மீட்டிங். நீங்கதான் பேசறீங்க. நல்லா போச்சுன்னா உங்க கன்ஃபர்மேஷன் நிச்சயம். இல்லேன்னா, பார்க்கலாம்."

அந்த ஆபீஸில் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டவர்களை அப்புறம் யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். எல்லாம் முழுக்கை.

"ஏளா நஜ்மு, நம்ம சந்துல ஆம்பளைங்க என்னதான் போடுதாவ?"

மனைவி நஜ்முன்னிசா அவருக்கு மாமி மகள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவளுக்கு அவர் மச்சான்தான். "கண்ணு தெரியலையா மச்சான்? எல்லாம் அல்தாப் பட்டறை ரிஜெக்ட்டு" என்றாள்.

ரிஜெக்ட் என்பது தையலில் பிழையாகிப்போன உருப்படி. அதை வெட்டி எரித்துவிட வேண்டும் என்பது ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளின் நிபந்தனை. தாராவியில் துணியை எரிப்பதில்லை. காலர் கோணினால் என்ன, கழுத்தும் கோணல்தான். ரிஜெக்ட் சந்துக்குச் சொந்தம். கறிக்கடை ஷாகிர் மார்பில் ஒரு பாங்கின் பெயர் இருந்தது. பால்காரர் மார்பில் மென்பொருள். சாவு விழும் மௌத்து வீடுகளுக்கு ஷாமியானா கட்டுகிறவர் மார்பில் தேனிலவுச் சுற்றுலா. யாரும் அதைப் படிப்பதில்லை. படிப்பதற்கா சட்டை போடுகிறோம்?

நஜ்முன்னிசா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீல டீ-ஷர்ட்டை உருவினாள். காலர் இருந்தது. மார்பில் ஒரு மஞ்சள் குடை, கீழே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர்.

"அவங்க சட்டைதானே இது!"

"அதான் சொல்லுதேன். அவங்க பேர நெஞ்சுல போட்டுட்டுப் போனா அவங்களுக்கு மருவாதிதானே?"

"பெரிய மருவாதி" என்றார் ஜஹாங்கீர்.

வியாழக்கிழமை காலையில் அதை இஸ்திரி போட்டு, மாட்டி, உள்ளே விட்டார். நஜ்முன்னிசா வெளியே இழுத்துவிட்டாள். மறுபடி உள்ளே விட்டார். மறுபடி இழுத்துவிட்டாள். தெருவில் ஒன்றுமே போடாமல் நடப்பதுபோல நடந்து போனார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேனேஜர் கலைச்செல்வி செம்பூர்க்காரர். பேரம் பேசத் தமிழ் ஆள் வந்ததில் சந்தோஷம். சட்டையைப் பார்த்ததில் இன்னும் சந்தோஷம்.

"அட, எங்க டீ-ஷர்ட்! நல்லா இருக்கே உங்களுக்கு." பிறகு யோசித்தார். "ஆனா இது ஏஜென்ட் மாநாட்டுக்குப் பண்ணினதாச்சே. வெளியில யாருக்கும் குடுக்கலியே?"

"எங்க சந்துல எல்லார்ட்டயும் இருக்கு மேடம். உங்க குடை இல்லாத வீடே கிடையாது."

"எல்லார்கிட்டயுமா?"

"சலூன்காரரு, டேங்கர் டிரைவரு, எல்லார்ட்டயும். குளிருக்கு ஆட்டுக்குக்கூட மாட்டியிருக்காவ."

"ஆட்டுக்கா?"

"கிடா மேடம். பக்ரீதுக்கு வளக்குறது. எக்ஸ்எல் சைஸ்."

அறுபடப்போகும் ஆட்டின் முதுகில் ஆயுள் காப்பீட்டுக் குடை. கலைச்செல்வி லேப்டாப்பை மூடினார். தமிழ் தெரியாத சாய்நாத், பேச்சு நன்றாகப் போவதாக நினைத்து இருவரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். கலைச்செல்வி அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. ரிஜெக்ட் எல்லாம் எரித்தாகிவிட்டது என்று போன வருஷம் கையெழுத்துப் போட்டவன் அவன். தைத்தது அல்தாபின் பட்டறை.

சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்து, ஒரு குடைகூட அங்கே இல்லை என்று சாய்நாத் படத்தோடு எழுதித் தர வேண்டும். ஆர்டரெல்லாம் அதற்கப்புறம் என்று சொல்லிவிட்டார் கலைச்செல்வி.

லிஃப்டில் சாய்நாத் சொன்னான்: "அங்க ஒரு குடை என் கண்ல பட்டாலும் திங்கள்கிழமை நீங்க வர வேண்டாம்."

"ஏரியால இருக்குற மாதிரி வரச் சொன்னது நீங்கதானே சார்."

"உங்க ஏரியால கிளையன்ட்டயே எடுத்து மாட்டிக்குவீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

அன்று மாலை ஜஹாங்கீர் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"உள்ள வாங்க மச்சான்" என்றான் அல்தாப். "படுக்க வேணாம், நின்னுக்கிட்டே பேசுங்க."

விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு விளையாட்டு நின்றுவிட்டது. அந்த ஆபீஸின் ஆர்டர் கைவிட்டுப் போனால் அவனுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. இருவரும் சேர்ந்து வீடு வீடாகச் சொன்னார்கள்: சனிக்கிழமை காலையில் யாரும் குடையைப் போடக் கூடாது. எதற்கும் எழுத்துள்ள எதையுமே போட வேண்டாம்.

"அப்ப எதப் போட?" என்றார் ஷாகிர். "எங்கிட்ட இருக்கறது எல்லாம் அதுதான். மிச்சம் கல்யாணத்துக்கு எடுத்தது."

"அதப் போடுங்க ஷாகிர் பாய்."

சனிக்கிழமை சாய்நாத் வந்தபோது ஷாகிர் ஷெர்வானியில் கறி வெட்டிக்கொண்டிருந்தார். டேங்கர் டிரைவர் பிளேசரோடு சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தார். சலூன்காரர், மெரூன் கோட் சூட்டில், பட்டு ஜிப்பா போட்ட ஒருவருக்கு முகம் வழித்தார். ஆடு மட்டும் அம்மணமாக நின்றது. கோட்டும் டையுமாக வந்த ஜஹாங்கீரைச் சந்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அன்றுதான்.

"ஏதாவது விசேஷமா?" என்றான் சாய்நாத்.

"இல்ல சார். சனிக்கிழமை."

ஷாகிர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வந்தவனின் கசங்கிய சட்டையையும் வெறும் கணுக்காலையும் பார்த்தார். ஜஹாங்கீர் காதில் கேட்டார்: "யாருப்பா இது? முழுசா ஒரு பேன்ட் எடுக்க வழியில்லயா?"

"எம் மேனேஜரு."

"அல்லாவே. இந்த எடத்துக்கா வேலைக்குப் போன?"

சாய்நாத் முட்டாள் இல்லை. ஷெர்வானியின் கைகளில் ரத்தம் தெறித்திருந்ததைப் பார்த்தான். கண்ணில் படாததைத் தேடவில்லை. யார் கட்டிலுக்கு அடியிலும் குனியவில்லை. சந்தைப் படமெடுத்து அனுப்பினான். இவ்வளவு நன்றாக உடுத்துகிற இடத்திலா தைக்கிறீர்கள் என்று கேட்டு, கலைச்செல்வி ஆர்டரை உறுதிசெய்தார். திங்கள்கிழமை ஜஹாங்கீருக்கு வேலை நிரந்தரமானது. எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வாருங்கள், எழுத்து மட்டும் வேண்டாம் என்றான் சாய்நாத்.

செய்தி கேட்டுச் சந்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்று மாலையே ஷாகிர் ஜஹாங்கீரின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இந்தத் தடவ சட்டை வெளிர்மஞ்சள்னு கேள்விப்பட்டேன். ரத்தக் கறை பட்டா போவாது. கரும்பச்சையா மாத்தச் சொல்லு."

"சொல்லிப் பாக்கேன்."

"அப்படியே, கை ரெண்டும் ஒரே நீளமா வரணும்னு அல்தாப்ட்ட சொல்லிரு."

"ஒரே நீளமா வந்தா அது உங்களுக்கு வராது பாய்" என்றார் ஜஹாங்கீர்.