ஆறட்டும் என்றார் ரசாக்

ரசாக்குக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. டீக்கடையில் டம்ளரின் விளிம்பைத் துடைக்காமல் வாய் வைக்க மாட்டார். பந்தியில் பக்கத்து ஆள் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் பாதியில் எழுந்துவிடுவார். இப்பேர்ப்பட்ட மனுசன் அழுகும் சரக்கை நம்பி அன்னூரில் கிழங்கு மண்டி போட்டதை என்னவென்று சொல்ல? கேட்டால், கிழங்கைக் கண்டு எனக்குக் குமட்டுவதில்லை, அதை அழுக விடுகிறவனைக் கண்டால்தான் குமட்டுகிறது என்பார்.

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. சர்க்கரைவள்ளியை ஏர் விட்டுக் கிளப்பும்போதே கொழு பட்டுப் பாதிக் கிழங்கு கீறிக்கொள்ளும். அதை மூட்டையில் திணித்து, வேனில் விட்டெறிந்து, மேலேறி உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். மண்டிக்கு வருவதற்குள் ஒரு கீறல் பத்தாகியிருக்கும். மற்ற வியாபாரிகள் வெட்டுப்பட்டதை மூட்டையின் அடியில் மறைத்து வெளியூருக்குத் தள்ளிவிடுவார்கள். தின்கிறவனும் மனுசன்தானே என்கிற நினைப்பே கிடையாது. அதைப் பார்க்கும் போதெல்லாம் ரசாக் வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வருவார்.

அவர் செய்தது வேறு. காயம்பட்ட கிழங்கை வந்த அன்றே உள்ளறையில் பூப்போல அடுக்கி, ஜன்னலைச் சாத்தி, சுவரோரம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுவார். கிழங்கின் மேல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, ஆனால் அறை புழுங்க வேண்டும். ஒரு வாரம் போல அந்தப் புழுக்கத்தில் அசையாமல் கிடந்தால் கீறின இடத்தில் தோல் கட்டிக்கொள்ளும். அப்புறம் காற்றாட வைத்தால் பொங்கல் சந்தை வரைக்கும் ஒன்றும் ஆகாது.

இதை நம்பித்தான் அந்த வருசம் விவசாயி அங்கப்பன் தன் வெள்ளாமை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் விளைநிலத்தை வீட்டுமனையாக்கிச் சைட் போடும் பைத்தியம் பிடித்திருந்தது. அங்கப்பனின் கிழங்குக் காட்டைக் கேட்டும் புரோக்கர் நடையாய் நடந்தான். இந்த மண்ணில் இனி ஒன்றும் தேறாது என்று அங்கப்பனும் அரை மனதாகத் தலையாட்டி வைத்திருந்தார். ரசாக்தான் குறுக்கே விழுந்து, இந்த ஒரு போகம் பொறுங்கள், ஒரு கிழங்கு வீணாகாமல் விற்றுக் காட்டுகிறேன், அப்புறம் முடிவு பண்ணுங்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கிழங்கு நின்றால் காடு நிற்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கு.

சரக்கு வந்து அடுக்கிய மறுநாளே மகள் ஹுமேராவுக்கு இடுப்புவலி என்று கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ரசாக் கூட்டாளி பாலகோபாலைக் கூப்பிட்டார். பாலகோபால் அவிநாசிக்காரர், நூல் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு அந்த ஆவணி மாதம்தான் கிழங்குக்கு வந்திருந்தார். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ரசாக் சொன்னது இவ்வளவுதான்.

"கிழங்கு நல்லா ஆறட்டுமுங்க. ஆறுன பொறகுதான் மூட்டை புடிக்கோணும்."

பாலகோபால் உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தார். அனல் முகத்தில் அடித்தது. அடுப்படி மாதிரிக் கொதிக்கிற அறையில் எந்தக் காலத்தில் கிழங்கு ஆறுவது? புண்ணும் ஆறும், பாலும் ஆறும். நூல்காரருக்குப் பால்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னலையெல்லாம் திறந்தார். வாடகைக்கு ஃபேன் பிடித்து ஓடவிட்டார். ஆள் வைத்து மண்வெட்டியால் கிழங்கைப் புரட்டிப் பரப்பினார். அதுவும் போதாதென்று, சீக்கிரம் ஆறட்டும் என்று குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினார். ஒரு நாள் அல்ல, தினமும்.

பேத்தியைப் பார்த்துவிட்டு ரசாக் திரும்பி வந்தபோது நாற்றம் தெருமுனையிலேயே எதிர்கொண்டது. புளித்த கள்ளும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். உள்ளே கிழங்கு கிழங்காக இல்லை. தொட்ட இடத்தில் விரல் இறங்கியது. கறுப்பு நீர் வாசற்படி வரை வடிந்து, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ரசாக் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தியெடுத்தார்.

"நீங்கதானுங்களே பாய் ஆறட்டும்னு சொன்னீங்க" என்றார் பாலகோபால். பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, அங்கப்பன் கேட்டால் கிழங்கே சொத்தை, காட்டிலேயே நோய் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம், விவசாயிக்கு மண்டியில் நடப்பது எங்கே தெரியப்போகிறது என்றார். கொஞ்சமும் கூசாமல், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். அந்த வாயைப் பார்க்க ரசாக்குக்கு உள்ளறையே தேவலை என்று இருந்தது.

சேதி கேட்டு அங்கப்பன் மத்தியானமே வந்துவிட்டார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை. பாலகோபால் வாயைத் திறப்பதற்குள் ரசாக் முந்திக்கொண்டார்.

"உங்க கெழங்குல ஒரு குத்தமும் இல்லீங்ணா. மண்ணு தங்கமான மண்ணு. நாந்தான் அரைகொறையாச் சொல்லிப்போட்டுப் போய்ட்டேன், இவரு கெடுத்துப்போட்டாரு."

அங்கப்பன் கோபப்படுவார் என்று ரசாக் எதிர்பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் புரோக்கரை வரச் சொல்லியிருப்பதாகவும், இனி இன்னொரு போகம் தாங்க முடியாதென்றும் சொன்னார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"மண்ணு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க பாய். நிம்மதியா வித்துப்போட்டிருப்பேன்."