வண்டிக்குக் குறுக்கே போன உத்தியோகம்

தெருவைக் கடப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் இந்தச் சென்னையில் நான்தான். அதே வேலையைத் தினமும் இலவசமாகப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் நெஞ்சைத் தடவிக்கொள்ளும் உங்களுக்கு இந்த உத்தியோகத்தின் அருமையைச் சொல்லவா வேண்டும்!

முன் அனுபவம்

ரிட்டயர் ஆகி, வீட்டில் என் பேச்சை ஃபேன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலம். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் காரை வடிவமைக்கும் ஒரு திருவான்மியூர் கம்பெனி, சோதனை வண்டிக்குக் குறுக்கே நடக்க ஆள் தேடியது. போனேன். வடிவமைப்புக் குழுவின் தலைவி நஸீமா என்கிற பெண். "முன் அனுபவம் உண்டா அங்கிள்?" என்றாள். பாண்டி பஜாரில் ஒரு கல்யாண ஊர்வலத்தையே ஒற்றைக் கையால் நிறுத்தி ரோட்டைக் கடந்தேன், மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார் என்றேன். அதில் ஊர்வலம் வரைக்கும் நிஜம்.

சிரித்தாள். வேலை கிடைத்தது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா ரஹீம் பாய், தி.நகரில் தையல்கடை வைத்திருந்தவர். கண் பார்வை முழுக்கப் போன பிறகு அடையாறு வீட்டை விட்டுத் தனியாக வெளியே வந்ததே இல்லை. "யார் கையையும் பிடிக்காம அவர் ஒரு தடவை தி.நகர் போய்ட்டு வரணும் அங்கிள். எனக்கு அதுக்குத்தான் இந்த வண்டி."

வேட்டி கண்டால் நில்

மாதக்கணக்கில் நடந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, கையைக் காட்டி, பாதியில் யோசித்து, திரும்பி வந்து, மறுபடி பாய்ந்து, நாம் எப்படியெல்லாம் கடப்போமோ அப்படியெல்லாம். வண்டி சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே. வேட்டி கட்டிய கிழவன் என்றால் குறுக்கே வரத்தான் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டது.

இது தெரியாமல் மயிலாப்பூருக்கு ஓட்டிப் போனோம். அங்கே வேட்டி கட்டிய கிழவர்களுக்குப் பஞ்சமா? காபி குடிப்பவர், பேப்பர் படிப்பவர், பேச ஆள் கிடைக்காதா என்று பார்ப்பவர், அத்தனை பேருக்கும் வண்டி மரியாதையாக நின்றது. பின்னால் தேங்கிய வரிசையின் வால் அடையாறு பாலத்தில் இருந்தது. நம்பவேண்டாம், நானே நம்பவில்லை. ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்து, பின்சீட்டில் இருந்த என்னிடம் சொன்னார்: "இன்னா பெர்சு, திட்றதுக்குக்கூட ஒரு ஆள் இல்லாம வண்டி வுட்டுக்கினு கீறீங்க?"

எலுமிச்சம்பழம்

அந்தக் கோளாறைச் சரி செய்து, ரஹீம் பாயை ஏற்ற நாள் குறித்தாயிற்று. அன்று காலை எங்கள் வாட்ச்மேன் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வீதம் வைத்தார். வண்டி நகர மறுத்துவிட்டது. முன்னால் தடை இருக்கிறதாம்.

பழத்தை எடுத்துவிடு என்றார்கள். சாமி காரியம், மாட்டேன் என்றார். நஸீமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பழத்துக்கே இப்படி என்றால் அப்பா எப்படிப் போய்ச் சேருவார்? வாட்ச்மேன் அசரவில்லை: "எலுமிச்சம்பழத்து மேலயே ஏத்த மனசு வரல அதுக்கு. உங்கப்பாவ நம்பி ஏத்தும்மா."

போனது வந்தது

பழங்களை வண்டி பார்க்காதபோது மெல்லத் தள்ளிவிட்டுப் புறப்பட வைத்தோம். ரஹீம் பாய் தனியாக ஏறினார். தி.நகர் போய், பழைய கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பினார். கேட்டில் காத்திருந்த நஸீமா ஓடினாள். அவர் முகமோ விழுந்திருந்தது. "இனிமே வேணாம்மா. பொட்டில வெச்சு மூடி எடுத்துக்கினு போன மாதிரி கீது. கோட்டூர்புரம் பாலம் ஏறினமா, நந்தனம் வந்திச்சா, ஒண்ணும் தெரியல. போனேன், வந்தேன். ஊரு எங்க?"

என் குரல்

நஸீமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என் முன்னால் மைக்கை வைத்தாள். "எந்தத் தெரு வருதுன்னு நீங்க சொல்லுங்க அங்கிள். வண்டி அந்தந்த இடத்துல உங்க குரலப் போடும்."

என்னிடம் மைக்கைக் கொடுக்கலாமா? இன்றைய தி.நகரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. காபிக்கொட்டை வறுபடும் வாசனையைச் சொன்னேன். மழைக்காலத்தில் கணுக்கால் நனைய நடந்து சினிமாவுக்குப் போனதைச் சொன்னேன். இதோ, இடது பக்கம் ஒரு பங்களா, மதில் தாண்டி நிற்கும் மாமரம், டபுள் டெக்கர் பஸ் திரும்பும்போது மாடியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு காய் பறித்துக்கொள்வார்கள் என்றேன். அப்படி ஒரு மரமே கிடையாது. "அங்கிள், அங்க மேம்பாலம்தானே இருக்கு?" என்று நஸீமா தலையில் கை வைத்தாள். அன்று சாயங்காலமே வண்டி கிளம்பவேண்டும், வேறு பதிவு செய்ய நேரமில்லை.

கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுபடி ஏற்றி அனுப்பினோம். திரும்பி வந்து கதவு திறந்தும் ரஹீம் பாய் இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கும் போறேன். தனியாவே போறேன். அந்த மாமரம் மட்டும் வலது பக்கம்மா, அவர மாத்திச் சொல்லச் சொல்லு."

நாளைய பயணத்துக்கு வண்டி செய்கிற கம்பெனியில், நேற்றைய தி.நகரில் இல்லாத ஒரு மரத்தைப் பிடுங்கி வலது பக்கம் நட்டதற்காக என் உத்தியோகத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.