பை நிறையும் வரைக்கும்

முனீஸ்வரிக்கு உடம்பில் ரத்தம் அதிகம் என்று டாக்டர் சொன்னதைப் பழங்காநத்தத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேர் ரத்தம் போதவில்லை என்று சத்து மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் கூடிப்போச்சாம், அதை ஊசி குத்தி எடுத்துக் கீழே கொட்டணுமாம்! "நல்லா விசாரிச்சியா முனீசு? வேற யாரு ரிப்போர்ட்டையாச்சும் மாத்திக் குடுத்துட்டாய்ங்களா?" என்று எதிர்வீட்டு அஜ்மல் பீவி வாசலில் நின்று கேட்டாள்.

யாரும் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. தலைவலி விடாமல் இடித்தது, உள்ளங்கை சிவந்து எரிந்தது, குளித்துவிட்டு வந்தால் உடம்பு பூரா அரித்தது, எல்லாமே அதனால்தான். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடத்தில் ஏதோ கோளாறாகிப்போய், தேவைக்கு மேல் ஊறித் தள்ளுகிறது. ரத்தம் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும், எங்கேயாவது போய் அடைக்கும், மூளையில் அடைத்தால் கை கால் விழுந்துவிடும் என்றார் டாக்டர். அதற்கு மாத்திரை ஒரு பக்கம், சில வாரத்துக்கு ஒருதடவை ஒரு பை ரத்தத்தை எடுத்துவிடுவது இன்னொரு பக்கம்.

"அம்புட்டுத்தான? எடுங்க" என்று கையை நீட்டினாள் முனீஸ்வரி. எடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், அழித்துவிடுவார்கள் என்று தெரிந்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "என் ரத்தம் குப்பைக்கா போகுது?" என்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு சலம்பல் பண்ணிவிட்டுத்தான் படுத்தாள்.

அவள் சுபாவம் அப்படி. கல்யாணமான புதிதில் டவுனில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்குகிறவரைக்கும் நின்றபடியே இருக்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. பாத்ரூம் போகக் கேட்டால் சூப்பர்வைசர் மேலும் கீழும் பார்ப்பார். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற பெண், தலை சுத்துதண்ணே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். உடம்புக்கு ஆகாதவளெல்லாம் எதுக்கு வேலைக்கு வாரீங்க என்று அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். முனீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள், தலைவலி காய்ச்சல் என்று எதையும் வெளியே சொல்வதையும் விட்டாள்.

பிறகு ஒருநாள், நின்று சாகிறதுக்கு உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று முடிவு கட்டி, கடனை உடனை வாங்கி ஆட்டோ எடுத்தாள். புருஷன் காளை கம்பி கட்டுகிற வேலைக்குக் கேரளா போகிறவர். மாசத்துக்கு ஒருதடவை வருகிற மனுஷன் என்ன சொல்லிவிடப் போகிறார்? ஸ்டாண்டில்தான் ஆரம்பத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களே அப்புறம், "அக்கா, இந்தச் சவாரிய நீங்க பாருங்க" என்று விட்டுக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். மகன் ராம்கி படித்தது, பைக் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அந்த ஆட்டோவில்தான்.

முதல் தடவை ரத்தம் எடுக்கும்போது பாதிப் பையில் மயங்கினாள். பழக்கமில்லாத உடம்பு, போகப் போகச் சரியாகும் என்றார்கள். இரண்டாவது தடவை ராம்கி கூட இருந்தான். அம்மாவின் உதடு வெளுத்தது, கண் மேலே செருகியது, கை ஒருதரம் வெட்டி இழுத்தது. அவள் கண் விழித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அழுகை கோபமாக மாறியது. "யம்மா, இப்பிடி மயங்கி விழுற ஆளு ஆட்டோ ஓட்டலாமா? பின்னாடி நாலு ஸ்கூல் பிள்ளைக உக்காந்திருக்கும்போது இப்பிடிக் கண்ணு சொருகுனா என்னாகும்?"

"ரத்தம் எடுத்த அன்னிக்கி ஓட்டக் கூடாது, மறுநாள் நல்லா இருந்தா ஓட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாருடா."

"டாக்டருக்கென்ன, அவரா பின்னாடி உக்காந்து வாராரு? எங்க ஷோரூமுக்கு வார அண்ணன் ஒருத்தரு வண்டிய வாங்கிக்கிறேங்கிறாரு. குடுத்துட்டு வீட்டுல இரு. நான் சம்பாதிக்கலையா?"

வீட்டுல இரு! பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் முனீஸ்வரி காது கூசுகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாள். அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே, இறங்கி வரவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போதும் மயங்கினால் அவள் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். மயங்காவிட்டால் அவன் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. "சரிடா, பாத்துருவோம்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, பயமாகத்தான் இருந்தது. மயக்கம் என்ன அவளைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் இருக்கும் நர்ஸ் பவதாரிணியைப் பிடித்தாள். "இந்தா பாரு பாப்பா, அடுத்த தடவ நான் மயங்கக் கூடாது. என்ன பண்ணணும், சொல்லு."

பவதாரிணி சிரித்துக்கொண்டே கேட்டாள். "நேத்து காலையில என்னக்கா சாப்ட்டீங்க?"

"என்னத்தச் சாப்புட? ரத்தம் எடுக்கப் போறோம்ல, வெறும் வயித்தோடதான வரணும்?"

"ஐயோ அக்கா, அது டெஸ்ட்டுக்கு! இங்க ஒரு பையையே எடுக்குறோம். ரெண்டு தடவையும் வெறும் வயித்தோடயா வந்தீங்க? சரி, தண்ணியாவது குடிச்சீங்களா?"

முனீஸ்வரி இல்லையென்று உதட்டைப் பிதுக்கினாள்.

"நேத்து விடுங்க. மத்த நாள்ல எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?"

"நான் ஆட்டோ ஓட்டுறவ பாப்பா. தண்ணியக் குடிச்சுட்டு எங்கிட்டுப் போறது? ஆம்பளைகளுக்கு ஒரு செவுரு போதும்."

பவதாரிணியின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். "உங்க ரத்தம் ஏற்கெனவே கெட்டி. தண்ணி குடிக்காம இன்னும் கெட்டியாக்கிக்கிறீங்க. வத்திப்போன உடம்புல ஒரு பைய உருவுனா பிரஷர் தடால்னு எறங்காம என்ன செய்யும்? நல்லா சாப்ட்டு வாங்க, தண்ணி குடிச்சிட்டு வாங்க. படுத்திருக்கும்போது ஊசி குத்துன கையச் சும்மா விட்டுட்டு, கால ஒண்ணுமேல ஒண்ணு போட்டுத் தொடைய இறுக்குங்க, விடுங்க, திரும்ப இறுக்குங்க. கால்ல தங்குற ரத்தம் மேல ஏறும். முக்கியமா, மயக்கம் வர்ற மாதிரி இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

சாப்பிடுவதும் காலை இறுக்குவதும் அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. வாயைத் திறந்து சொல்வது மட்டும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். மகன் முன்னாடி, எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்வதற்குச் சாவியையே கொடுத்துவிடலாமே.

தண்ணீர்ப் பிரச்சினையை அன்றைக்கே கையில் எடுத்தாள். அவள் எப்போதும் ஆட்டோவுக்குக் கேஸ் போடுகிற பங்க்கில் பெண்கள் கழிப்பறை என்று போர்டு தொங்கும், கதவில் பூட்டும் தொங்கும். கேட்டால் ரிப்பேர் என்பார்கள். அன்றைக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், கேஸ் போட்டு முடித்த பிறகும் வண்டியை நகர்த்தாமல் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "கக்கூஸ் சாவி குடுங்க. போயிட்டு வந்து எடுக்குறேன்."

"ரிப்பேருக்கா, வண்டிய எடுங்க. பின்னாடி எம்புட்டு வண்டி நிக்கிது பாருங்க."

"நானும்தான் வருசக்கணக்கா அடக்கிக்கிட்டு நிக்கிறேன். அவிங்க கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

பின்னாடி ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "என்னக்கா லந்து பண்ற?" என்றார். விஷயத்தைச் சொன்னாள். வரிசையில் ஸ்கூட்டியோடு நின்ற இரண்டு பெண்கள் கேட்டுவிட்டு வந்து அவள் வண்டியை ஒட்டி நின்றுகொண்டார்கள். மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து பூட்டைத் திறந்தார். உள்ளே ரிப்பேரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆயில் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "இன்னிக்கி அடக்கிக்கிறேன். நாளைக்கு வாரேன், இதெல்லாம் இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். மறுநாள் போனாள், டப்பாக்கள் இல்லை. அன்றிலிருந்து தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தாள். சாயங்காலத் தலைவலிகூடக் கொஞ்சம் மட்டுப்பட்டது.

அந்த நாள் வந்தது. முனீஸ்வரி இட்லி தின்றாள், வயிறு குலுங்குகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தாள். ரத்தம் எடுத்தால் அன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாதே. அதனால் ராம்கிதான் அவள் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் மூஞ்சியையே பார்த்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

பவதாரிணி ஊசியைக் குத்தினாள். ரத்தம் குழாயில் இறங்கியது. முனீஸ்வரி காலைப் போட்டு இறுக்கினாள், விட்டாள், இறுக்கினாள். கால்வாசிப் பை நிறைந்தது, ஒன்றும் இல்லை. மகனைப் பார்த்து ஒரு மிதப்பாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பாதிப் பையில் வந்தது. முதலில் ஒரு கொட்டாவி. பிறகு காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். கழுத்தில் பொடுபொடுவென வேர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, மின்விசிறி தூரத்துக்குப் போனது. இறுக்கினாள். தாட்சண்யமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. பாவி உடம்பே, இம்புட்டுச் செய்தும் என்னைக் காட்டிக்கொடுக்கிறாயே என்று அழுகை வந்தது. சொன்னால் மகன் எழுந்துவிடுவான். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் செருகிவிடும். தலை சுத்துதண்ணே என்று சொன்ன அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னது அவள் தப்பா? அனுப்பினவன் தப்பில்லையா? எவனுக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன்?

"பாப்பா! வருது!" என்று கத்தினாள். அந்த அறையே திரும்பிப் பார்த்தது.

பவதாரிணி ஓடிவந்து குழாயை அடைத்தாள். தலைப்பக்கத்தை இறக்கி, கால்பக்கத்தைத் தூக்கிவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். "இறுக்குங்கக்கா. விடுங்க. இன்னும் இறுக்குங்க. என்னயப் பாருங்க."

ராம்கி எழுந்துவிட்டான். "போதும் சிஸ்டர், ஊசிய எடுத்துருங்க."

"நீ உக்காருடா!" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வந்தது. ஆனாலும் அவன் உட்கார்ந்துவிட்டான்.

பல்லைக் கடித்துத் தொடையை இறுக்கினாள். காதுச் சத்தம் மெல்ல மெல்ல விலகியது. மின்விசிறி பழைய இடத்துக்கு வந்தது. பவதாரிணி பிரஷர் பார்த்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள், உப்பு போட்ட எலுமிச்சைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தாள். "இப்ப நல்லா இருக்கு. மிச்சத்த மெதுவா எடுக்கலாமா, இல்ல இன்னிக்கி இது போதுமா?"

"எடு" என்றாள் முனீஸ்வரி.

பை நிறைந்தது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள் பவதாரிணி. அவள் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு ராம்கி கேட்டான். "வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. சொன்னேன். போயிருச்சு."

"சொல்லிட்டாப் போதுமா? ரோட்டுல வந்தா?"

"ரோட்டுல வந்தா வண்டிய ஓரங்கட்டிட்டு, எறங்குங்க பிள்ளைகளா, அக்காவுக்குத் தலை சுத்துதுன்னு சொல்லுவேன். இம்புட்டு நாளும் காய்ச்சலோட ஓட்டியிருக்கேன், தலை இடியா இடிக்கையில ஓட்டியிருக்கேன், ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்டதில்ல. நீ பயப்படுறதா இருந்தா அப்ப பயந்திருக்கணும்டா. இப்பத்தான் எனக்குச் சொல்ல வந்திருக்கு. இப்பப் போயி சாவியக் கேக்குற."

ராம்கி சட்டைப் பைக்குள் கை விட்டான். சாவியை எடுத்து விரலில் சுற்றினானே ஒழிய, அவளிடம் நீட்டவும் இல்லை, தரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவள் தெளிந்து எழுந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் உட்காரவைத்து வண்டியை எடுத்தான்.

பைபாஸ் ரோடு ஏறும் வரைக்கும் முனீஸ்வரி பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. "கிளட்ச்ச முழுசாப் பிடிடா. யாத்தே, பள்ளம் கண்ணு தெரியலையா? பஸ்ஸுக்கு எதுக்கு வழிவிடுற, நம்மதான முன்னாடி வந்தோம்? அடேய், அது ஒன்வே! இம்புட்டு முறுக்குனா கேஸ் என்னத்துக்கு ஆகும்?"

சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி நின்றது. ராம்கி திரும்பினான். மூஞ்சியெல்லாம் வேர்வை. "யம்மா, ஆள விடு! நாளைக்கு நீயே ஓட்டிக்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்திருந்தாள்.

"சரி சரி, பச்ச விழுந்துருச்சு" என்றாள். "நியூட்ரலுக்குக் கொண்டாந்து ஸ்டார்ட் பண்ணு."